அவள் என்னைக் கூப்பிடும் விதம்

கூட்டத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது கடிதம் வந்தது. வேலை முடிந்து வந்து, கீழே தபால் பெட்டியைத் திறந்து, வாசிக்காமலே அதை மேலே கொண்டுபோனேன். இத்தாலிய மொழியை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஆனால் அரசாங்கக் கடிதம் என்றால் எனக்கு எப்போதும் பயம். முன்பெல்லாம் கதவைத் திறந்த கையோடு மனைவியிடம் கொடுத்துவிடுவேன். அவள் ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே வாசித்து, "ஒண்டுமில்லை, தண்ணிப் பில்" என்று மேசையில் போட்டுவிடுவாள். இந்தக் கடிதம் அவளைப் பற்றியது. அவள் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். பழக்கதோஷத்தில் அன்றும் அவளிடமே நீட்டினேன். இடது கையால் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, என்னிடமே திருப்பித் தந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வது விளங்கும். சொல்ல நினைப்பது வாய்க்கு வராது.

கடிதத்தைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன். அவள் கலியாணம் முடித்து வடக்கே, ரயிலில் ஒரு நாள் முழுக்கப் போகவேண்டிய ஊரில் இருக்கிறாள். முதியோர் இல்லமொன்றில் வேலை. இடைவேளையில் எடுத்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். அம்மாவின் அடுத்த வருடத் திட்டத்தை அந்தக் கூட்டத்தில்தான் எழுதுவார்கள். கிழமைக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி தொடருமா, நிற்குமா என்பதும், நான் வேலைக்குப் போகும் நேரத்தில் வந்து பார்க்கும் பெண்ணுக்கு எத்தனை மணித்தியாலம் என்பதும் அதில்தான் இருக்கும். திட்டத்தில் எழுதியதற்குத்தான் அரசாங்கம் காசு ஒதுக்கும். எழுதாதது கிடைக்காது.

பேச்சுப் பயிற்சி நிற்கக்கூடும் என்று எனக்கு முன்பே தெரியும். பயிற்சி கொடுப்பவள் எங்கள் மகளிலும் இளைய பிள்ளை. போன மாதம் என்னை வெளியே கூப்பிட்டு, தான் எழுதவேண்டிய அறிக்கையைக் காட்டினாள். காட்டவேண்டும் என்று அவளுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்தில் திரும்பி வந்த சொற்கள் ஒரு பக்கத்தில் இருந்தன. ஓம், இல்லை, தண்ணி, ஒன்றிலிருந்து பத்துவரை எண்கள், மகளின் பெயரில் பாதி, பிறகு "அமுனீ". பலெர்மோவில் எல்லோரும் "வா, போவம்" என்பதற்குச் சொல்லும் சொல் அது. அந்தச் சொல் வந்த அன்று பயிற்சி நிலையத்தில் எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. கணவரின் பெயரைச் சொல்வதில்லை. படம் காட்டியும், முதல் ஓசையைச் சொல்லிக் கொடுத்தும் சொல்லவில்லை. மூன்று தரம் முயன்றது.

"இந்த வரிதான் எனக்குக் கவலை" என்றாள் அந்தப் பிள்ளை. பக்கத்தில் இருக்கும் மனிதரின் பெயரே வரவில்லை என்றால், ஆளை அடையாளம் தெரிகிறதா என்றே வைத்தியர் கேட்பார், இனிப் பயிற்சி கொடுத்தும் பிரயோசனமில்லை என்று முடித்துவிடுவார்கள் என்றாள். நான் "சி, சி" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சி என்றால் ஓம். முப்பது வருடமாக நான் இந்த நாட்டில் அதிகம் சொன்ன சொல் அதுவாகத்தான் இருக்கும்.

கதைப்பது எங்கள் வீட்டில் மனைவியின் வேலை. ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் மீன் வெட்டினாள். கடற்கரையில் வள்ளக்காரரோடு விலை பேச முதலாளி அவளைத்தான் அனுப்புவார். வுச்சீரியாச் சந்தையில் இப்போது கடைகள் குறைந்துவிட்டன, ஆனால் அந்தக் காலத்தில் அவள் அங்கே போனால் கணவாய் விற்கிறவன் தலையில் கைவைப்பான். குவெஸ்தூராவில், வதிவிட அனுமதிக்கு வரிசையில் நிற்கும்போது, பக்கத்தில் நிற்கும் பத்துப் பேரின் பத்திரங்களையும் இவளே பார்த்து எது குறைகிறது என்று சொல்லுவாள். நான் பின்னால் கோப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் வேலை செய்யும் கட்டிடங்களில் படிக்கட்டுத் துடைக்கிறவனோடு ஒருவரும் கதைப்பதில்லை. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

அதனால்தான் போன வருடக் கூட்டத்தைக் கெடுத்தேன். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சமூகசேவைப் பெண் கேட்டாள். "நல்லா இருக்கு, நன்றி" என்றேன். குளிப்பாட்டுவது? "பிரச்சினையில்லை." உங்களுக்கு முதுகுவலி ஏதும்? "இல்லை, சிஞ்ஞோரா." வேலை கொடுக்கும் வீட்டுக்காரிக்குச் சொல்லும் பதில்களை அப்படியே சொல்லிவிட்டு வந்தேன். குடும்பம் நன்றாகச் சமாளிக்கிறது என்று எழுதி, உதவிக்கு வரும் பெண்ணின் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். மகள் அன்றைக்கு ரெலிபோனில் அழுதாள்.

"இந்த முறை நீங்க ஒண்டும் நல்லா இருக்கு எண்டு சொல்லக்கூடாது, அப்பா" என்று இப்போது கண்டிப்பாகச் சொன்னாள். வீட்டாரின் வாயால் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோகலாமாம். அம்மா எப்படிப்பட்டவள், என்ன விரும்புகிறாள், என்ன வேண்டும் என்று. நான் தமிழில் எழுதி அனுப்பினால் தான் இத்தாலிய மொழியில் போட்டுத் தருவதாகச் சொன்னாள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரை படித்தவன் நான். கடிதம் எழுதத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவளுக்குச் சோறு தீத்திவிட்டு, மேசையில் இருந்து எழுதினேன். எழுதி முடித்து மகளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்பா, இது நன்றிக் கடிதம்."

"பின்னை? செய்தவைக்கு நன்றி சொல்லத்தானே வேணும்."

"அம்மாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அம்மா என்ன விரும்புறா எண்டு எழுதுங்கோ."

அவள் என்ன விரும்புகிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும். அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வெளியே, எதிர்க் கட்டிடத்தில் உடுப்புக் காயப்போடும் மனுசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விரும்புவது என்ன என்று கேட்டால் உடனே எழுதியிருப்பேன். அவளின் சத்தம் வேணும். சண்டை பிடிக்கும் சத்தம் என்றாலும் போதும். பிரான்காச்சோவில் இந்த நாலாம் மாடியில் காலையில் கீழே தச்சுப் பட்டறை வாள் சத்தமும், மோட்டர் சைக்கிள் சத்தமும், பக்கத்து வீட்டு ரிவியும் கேட்கும். எங்கள் வீட்டுக்குள் கரண்டிச் சத்தம் மட்டும்தான். ஏதும் வேண்டுமென்றால் அவள் இடது கையால் கரண்டியை நாற்காலிக் கம்பியில் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் வா. நான் ஓடிப்போவேன்.

அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, நான் வேறொரு வழி யோசித்தேன். அறிக்கையில் பிழை அந்த ஒரு வரிதானே. கூட்டத்தில் வைத்தியர் கேட்கும்போது அவள் என் பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரி. மூன்று கிழமை இருக்கிறது. மகள் பெயரில் பாதி வந்தது என்றால் என் பெயரில் பாதியாவது வராதா.

அன்று பின்னேரமே தொடங்கினேன். நாற்காலிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு இருந்து, பயிற்சி நிலையத்தில் செய்வதுபோல் என் வாயைப் பார்க்கச் சொல்லி, என் பெயரை மெதுவாக, எழுத்து எழுத்தாகச் சொன்னேன். என் பெயரை நானே அப்படிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒருக்காச் சொல்லும் பாப்பம். முதல் எழுத்தை மட்டும் சொல்லும்."

இல்லை என்று தலையாட்டினாள்.

மறுநாளும் செய்தேன். அடுத்த நாள் எங்கள் கலியாணப் படத்தைக் கொண்டுவந்து என்னைத் தொட்டுக் காட்டினேன். படத்தில் நான் ஒல்லி, பெரிய மீசை. அவள் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். பெயரைச் சொல்லச் சொன்னதும் சிரிப்பு நின்றது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது உமக்காகத்தானே செய்யிறன், உமக்கு விளங்கேல்லையோ என்று சத்தம் போட்டேன். அவள் இடது கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள். பலமாகப் பொத்தினாள். அவளின் கண் கலங்கியிருந்தது. நான் எழும்பிக் குசினிக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களைத் திரும்பவும் கழுவினேன்.

அவளுக்கு என்னைத் தெரியாமல் போய்விட்டதோ என்ற எண்ணம் அப்போதுதான் முதன்முதலாக வந்தது. தலைசீவி, குளிப்பாட்டி, சோறு தீத்துகிற ஒரு ஆள் என்று மட்டும் நினைக்கிறாளோ. அடுத்த நாள் முழுக்கப் படிக்கட்டுகளில் அதே யோசனை. ஒரு மாடியை இரண்டு தரம் துடைத்திருக்கிறேன்.

எங்களுக்கு மேல் வீட்டில் ஒரு மொரிசியஸ்காரி இருக்கிறாள். அவளின் பாட்டனார் தமிழர். தமிழ் அவளுக்குச் சாமி கும்பிட மட்டும் வரும். எங்களோடு இத்தாலிய மொழியில்தான் கதைப்பாள். நான் வேலையால் வர நேரமானால் கீழே வந்து மனைவியோடு இருப்பாள். அன்றும் இருந்தாள். போகும்போது, ஏன் சிஞ்ஞோராவின் முகம் இப்படி இருக்கிறது, சண்டையா என்று கேட்டாள். நான் என்றால் சொல்லியிருக்க மாட்டேன், ஆனால் அவள் வாசலை விட்டு அசையவில்லை. பெயர் சொல்லிப் பழக்குகிற கதையைச் சுருக்கமாகச் சொன்னேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"பன்னிரண்டு வருடமாக மேல் வீட்டில் இருக்கிறேன். இன்றைக்குத்தான் கேட்கிறேன். என் புருசனின் பெயர் இந்தக் கட்டிடத்தில் பூனைக்கும் தெரியும்."

அது உண்மை. அவள் தன் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு மாடிப் படிக்கட்டும் அதிரும். அவள் மேலே போய்விட்டாள். நான் கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றேன்.

அன்றைக்கு மகள் வீடியோவில் வந்தாள். அம்மாவோடு கொஞ்ச நேரம் சிரித்துக் கதைத்துவிட்டு, பக்கம் எழுதியாச்சா என்று என்னிடம் கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். வாயைப் பொத்தியதையும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா, அம்மா உங்கட பேரைச் சொல்லி எப்பவாவது கேட்டனீங்களே?"

நான் யோசித்தேன். கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருடம். குவெஸ்தூராவில் ஒரு முறை கண்ணாடிக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் புருசனின் பெயர் என்ன என்று கேட்டார். வள்ளக்காரரையே வாயடைக்க வைக்கிற மனுசி, பெயரைச் சொல்லாமல், என் பெர்மெஸ்ஸோவை, வதிவிட அனுமதி அட்டையை, எடுத்துக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளிவிட்டு, அதிலே எழுதியிருக்கு என்றாள். ஆஸ்பத்திரியில் என்றால் கடதாசி வாங்கி எழுதிக் கொடுப்பாள். மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, "சொல்லு பிள்ளை, அப்பான்ர பேர் என்ன?" என்று அவளைச் சொல்லவைப்பாள். கோவிலில் அர்ச்சனைக்கும் நான்தான் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களில் அவள் வயதுப் பெண்கள் அநேகம் பேர் அப்படித்தான். புருசன் பெயரைச் சொன்னால் அவருக்குக் கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாத விசயம் அல்ல. ஆனால் ஒரு நாளும் கேட்காத சத்தம் இல்லையென்று யாருக்குத் தோன்றும். பயிற்சி நிலையத்துப் பிள்ளை அந்த வரியைக் காட்டியபோதும் எனக்குத் தோன்றவில்லை.

"ஒரு நாளும் இல்லை" என்றேன்.

"அப்ப அவ மறக்கேல்லை, அப்பா. அவ மாட்டன் எண்டு நிக்கிறா."

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். ரெலிபோனில் மகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், "ஓம்" என்றாள். தெளிவாகச் சொன்னாள்.

கூட்டத்தில் நானே இதைச் சொல்லவேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். தான் எழுதினால் பயிற்சியை நிறுத்தவிடாமல் மகள் கட்டிய கதை என்று நினைப்பார்களாம். நான் எப்படிச் சொல்வேன் என்று கேட்டேன். முதுகுவலியையே சொல்ல வெட்கப்பட்டவன், புருசன் பெண்சாதிக்குள் இருக்கிறதை ஒரு மேசை நிறைய இருக்கிற ஆட்களுக்கு எப்படிச் சொல்வது. அவர்கள் சிரிப்பார்கள். இல்லாவிட்டால் பாவம் என்று பார்ப்பார்கள். "அம்மா பேச்சு நிண்ட பிறகு வீட்டிலை கதைக்கிற ஆள் நீங்கதான், அப்பா" என்றாள் மகள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

அன்றோடு பெயர் பழக்குவதை விட்டேன். எனக்கு இருந்த இரண்டு கிழமையில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் இருந்து, சொல்லவேண்டியதை இத்தாலிய மொழியில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எங்கள் வழக்கத்தில், அவமரியாதை அல்ல, மறதி அல்ல. எங்கே தொடங்கினாலும் ஒரு இடத்தில் சிக்கிக்கொள்ளும். அப்படியானால் உங்களை எப்படிக் கூப்பிடுவாள் என்று கட்டாயம் கேட்பார்கள்.

இஞ்சாருங்கோ என்று கூப்பிடுவாள். இங்கே பாருங்கள் என்பதுதான் அர்த்தம். எங்கள் ஊரில் பெண்சாதிமார் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவள் அதை எத்தனை விதமாகச் சொல்லுவாள் என்று பஸ்ஸில் இருந்துதான் எண்ணினேன். காஸ் முடிந்தால் ஒரு விதம், நீட்டாமல். நான் பிழை செய்திருந்தால் முதல் எழுத்தில் ஒரு அழுத்தம். மகள் பிறக்கப்போகிற நேரம் குளியலறைக்குள் இருந்து ஒரு விதம். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு அவளைக் கூட்டிவரப் போவேன். குசினிப் பின்கதவால் வந்து, ஏப்ரனைக் கழற்றியபடி, இழுத்துவைத்திருக்கும் வள்ளங்களுக்கு மேலால் எனக்குக் கேட்கக் கூப்பிடுவாள். அந்தக் கடையில் பரிமாறுகிற பையன்கள் அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். என்னைக் கண்டால் அப்படியே கூப்பிட்டுக் கைகாட்டுவார்கள். திருத்த வெட்கப்பட்டு நானும் கைகாட்டுவேன். அவள் வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டு வருவாள். அவளின் உடுப்பில் மீன்வாடை. ஆட்கள் தள்ளி இருப்பார்கள் என்று அவளுக்குக் கவலை. எனக்கு அந்த வாடையே போதும் என்று இருக்கிறது இப்போது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் அவள் முதல் தரம் கூப்பிட்டால் நான் போவதில்லை. ரிவி பார்த்துக்கொண்டிருப்பேன், இல்லாவிட்டால் சும்மா இருப்பேன். மூன்றாம் தரம்தான் எழும்புவேன். "காது அடைச்சுப் போச்சோ" என்று கேட்பாள். காது நன்றாகத்தான் கேட்டது. கூப்பிடட்டும், இன்னும் ஒருக்காக் கூப்பிடுவாள்தானே என்று இருப்பேன்.

கூட்டத்து நாள் காலையில் மூன்று சேலைகளைக் கட்டிலில் விரித்தேன். அவள் நீலத்தைத் தொட்டாள். கட்டிவிட எனக்கு அரை மணித்தியாலம் ஆனது, இருந்தபடி கட்டுவதால் கொசுவம் நேராக வராது. பொட்டு வைத்தேன். கண்ணாடியைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். கொஞ்சம் இடப்பக்கம் போய்விட்டதாம். துடைத்து மறுபடியும் வைத்தேன். மேல் வீட்டுக்காரியின் புருசன் தன் வான் வண்டியில் கொண்டுபோய் இறக்கினான்.

அறையில் நீள மேசை. தலைமாட்டில் நரைத்த வைத்தியர், பக்கத்தில் போன வருடம் பார்த்த சமூகசேவைப் பெண், தெரியாத இன்னொருவர், கரையில் பயிற்சி நிலையத்துப் பிள்ளை. மகள் இத்தாலிய மொழியில் போட்டுத் தந்த பக்கம் என் சட்டைப் பையில் இருந்தது. அதில் இந்த முறை முதுகுவலி இருந்தது, குளிப்பாட்டும்போது ஒரு நாள் இருவரும் விழுந்தது இருந்தது. சமூகசேவைப் பெண் வாங்கி வாசித்தாள். போன வருடம் இதை ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டாள். வெட்கம் என்றேன். அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள்.

பிறகு வைத்தியர் அறிக்கையைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்து, மரியாதையாக, என்னைக் காட்டி, "சிஞ்ஞோரா, இவர் யார்? இவருடைய பெயர் என்ன?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மடியில் கிடந்த வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். வைத்தியர் கொஞ்சம் பொறுத்தார். பேனையை எடுத்தார்.

"எழுதவேண்டாம்" என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பஸ்ஸில் பழகியது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. வந்தபடி சொன்னேன். இவள் என் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை, சுகமாக இருந்தபோதும் சொன்னதில்லை, எங்களில் சொல்லமாட்டார்கள், எனக்குக் கூடாது என்று. இது நோய் இல்லை. நான் முன்பே சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை, பிழை என்னுடையது. பயிற்சி நிலையத்துப் பிள்ளை வாயில் கைவைத்தபடி என்னைப் பார்த்தாள்.

நான் நினைத்தபடியே வைத்தியர் கேட்டார். அப்படியானால் வீதிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரை உங்கள் மனைவி எப்படிக் கூப்பிடுவார்.

அந்தச் சொல்லை நான் என் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் சொல்லவேண்டிய சொல் அல்ல அது. சொன்னேன். மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றார் வைத்தியர். அவள் வள்ளங்களுக்கு மேலால் சொல்லும் விதத்தில், கடைசி எழுத்தை நீட்டிச் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ."

அவள் திடுக்கிட்டுத் தலையை நிமிர்த்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்கத் தொடங்கினாள். ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற வாயால், தோள் குலுங்க, கண்ணீர் வரச் சிரித்தாள். இரண்டு வருடத்தில் அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்கவில்லை. இடது கையால் என் கையில் ஒரு அடி போட்டாள். "சீ" என்றாள். இத்தாலியச் சி அல்ல, எங்கள் சீ. அது அறிக்கையில் இல்லாத சொல்.

வைத்தியர் பேனையைக் கீழே வைத்தார். பயிற்சி நிலையத்துப் பிள்ளை மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, அந்தச் சொல்லை மூன்று தரம் என்னைச் சொல்லவைத்து, தங்கள் எழுத்தில் எழுதிக்கொண்டாள். இத்தனை நாளும் பிழையான சொல்லைத்தான் கேட்டிருக்கிறேன் என்றாள் வைத்தியரிடம்.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. உதவிக்கு வரும் பெண்ணின் நேரத்தைக் கூட்டினார்கள், ஆனால் நாங்கள் கேட்ட அளவுக்கு இல்லை. பேச்சுப் பயிற்சி ஆறு மாதத்துக்குத் தொடரும், பிறகு திரும்பப் பார்ப்பார்கள். திட்டத்தில் பயிற்சியின் நோக்கம் என்று ஒரு இடம் இருந்தது. சமூகசேவைப் பெண் எழுதிவிட்டு எனக்கு வாசித்துக் காட்டினாள். கணவரைத் தன் வழக்கப்படி கூப்பிடுதல். சரியா என்று கேட்டாள். நான் சி என்றேன். வெளியே வந்ததும் மனைவி "அமுனீ" என்றாள்.

அது நடந்து மூன்று மாதம். பயிற்சி நிலையத்துப் பிள்ளை முதல் செய்த வேலை கரண்டியை எடுத்துவிடச் சொன்னதுதான். தட்டினால் நான் வந்துவிடுவேன் என்றால் அவள் ஏன் கூப்பிடவேண்டும். நான் அவளின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கவேண்டும். வாயால் எந்தச் சத்தம் வந்தாலும், உடனே, முதல் சத்தத்துக்கே போகவேண்டும். காலையில் வேலைக்குப் போக முந்தி கால் மணித்தியாலம், பின்னேரம் கால் மணித்தியாலம். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். இதுவரை "இ" என்று இரண்டு நாள் வந்திருக்கிறது. இருமல் என்றும் சொல்லலாம். இரண்டு தரமும் ஓடிப்போனேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, போ என்பதுபோல் கையை அசைத்தாள்.

இன்று காலை சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவலாம் என்று தண்ணீரைத் திறந்தேன். அந்தச் சத்தத்தில் அவள் கூப்பிட்டால் கேட்காது என்று உடனே மூடிவிட்டேன்.